நாச்சிமுத்து ஓட்டிய ஜேசிபி

நாச்சிமுத்துவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொய் சொல்ல வேண்டுமென்றால் உண்மை எந்தப் பக்கம் இருக்கிறது என்றாவது தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆளுக்கு அந்தத் திசையே பழக்கமில்லை.

காங்கேயம் பைபாஸில் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை. எதிரே ஷெரீப் பாயின் யார்டு. முன்னால் அள்ளும் வாயும் பின்னால் தோண்டும் கையும் உள்ள பழைய வண்டிகளை வாங்கி, கழுவி, பெயிண்ட் அடித்து விற்பார். எந்தக் கம்பெனி செய்ததாக இருந்தாலும் எங்கள் ஊரில் அதற்கு ஜேசிபி என்றுதான் பெயர். அந்த வண்டிகளுக்குப் பக்கெட் பல் மாற்றுவதும், கை மடங்கும் இடத்தில் தேய்ந்துபோன அச்சாணியையும், அதைச் சுற்றியிருக்கும் புஷ் என்கிற வளையத்தையும் மாற்றுவதும் என் பிழைப்பு. எது உழைக்கிற வண்டி, எது பவுடர் பூசிய வண்டி என்று எனக்குத் தெரியும். நாச்சிமுத்துவுக்கு என்ன வேலை என்று மட்டும் இன்றுவரை தெரியாது. பதினோரு மணி டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவான். யார்டு வாசலில் கிடக்கும் டயர்மேல் உட்காருவான். ஒன்றரை மணி பஸ்ஸில் போய்விடுவான். சொந்த வண்டி எங்கே என்று கேட்டால் சர்வீஸில் நிற்கிறது என்பான். நாலு வருஷமாக நிற்கிறது.

போன புதன்கிழமை கோகிலாமணி வந்தாள். தென்னந்தோப்புகளில் சொட்டுநீர்க் குழாய் பதிக்கிற குழு ஒன்றை நடத்துகிறவள். வாடகை ஜேசிபி இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று இழுத்தடித்ததில் மூன்று தோப்பு வேலை கைவிட்டுப் போயிருக்கிறது. அதனால் ஏழு கறவை மாட்டையும் விற்றுவிட்டு, சொந்தமாக ஒரு வண்டி எடுக்க வந்திருந்தாள். இது தப்பான வண்டியாகிவிட்டால் மாடும் இல்லை, வேலையும் இல்லை, வேறு வழியும் இல்லை. இதை வந்ததுமே பாயிடம் வெளிப்படையாகச் சொன்னாள். அப்படியெல்லாம் யார்டில் சொல்லக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பாய் மூன்று வண்டியைக் காட்டினார். ஒன்று தொண்ணூற்றாறு குதிரைத்திறன், நாலு சக்கரமும் இழுக்கும், கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுமினுப்பு. இன்னொன்று ஐம்பது குதிரை, பின்சக்கரம் மட்டும் இழுக்கும், விலை கம்மி. மூன்றாவது எழுபத்தாறு குதிரை, நாலு சக்கர இழுப்புதான், ஆனால் பெயிண்ட் உரிந்து சொறி பிடித்தது போல நின்றது. கோகிலாமணி ஒவ்வொன்றின் பின்பக்கமும் போய்க் குனிந்தாள். பக்கெட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தாள்.

நாச்சிமுத்து டயரைவிட்டு எழாமலே சிரித்தான். அம்மிணி மாட்டுச் சந்தைக்கு வந்துவிட்டு வழி தவறி இங்கே நுழைந்துவிட்டது என்றான். பல் பார்ப்பதும் மீட்டர் பார்ப்பதும் கத்துக்குட்டிகள் செய்கிற வேலையாம். தனக்கு ஹாரன் சத்தம் போதுமாம். ஒரு தடவை அடித்தால் வண்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எந்த ஊர் மண்ணைத் தின்றிருக்கிறது, ஓனருக்கு எத்தனை பெண்டாட்டி என்பது வரை சொல்லிவிடுவானாம். அந்தப் பெரிய வண்டியில் ஹாரன் ஒயரே கிடையாது என்று நான் சொன்னேன். அடிக்காத ஹாரன் இன்னும் தெளிவாகக் கேட்கும் என்றான்.

கேட்கிறவன் கேனையன் என்றால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்கள். இவன் நெய்யோடு நிறுத்துகிறவன் இல்லை. அந்தப் பெரிய வண்டியைக் காட்டி, இதே மாடலில்தான் காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில் வரைக்கும் ஒரு டீ ஆறுவதற்குள் வாய்க்கால் வெட்டினேன் என்று ஆரம்பித்தான்.

"டீ கிளாஸு ஸ்டியரிங் மேல இருக்குது. கண்ணு ரோட்டு மேல. முன்னால வண்டி ஓடுது, பின்னால பக்கெட்டு கோடு போட்டாப்பல தோண்டிட்டே வருது. வெள்ளகோவில்ல எறங்கி டீயைக் குடிச்சா நாக்கு சுட்டுப் போச்சு."

அந்த வண்டிக்கு அவ்வளவு சக்தி ஏது என்று பாயே கேட்டுவிட்டார். விற்கிறவருக்கே தாங்கவில்லை. தொண்ணூற்றாறு குதிரைதான், ஆனால் நான் ஏறினால் தொண்ணூற்றேழு என்றான் நாச்சிமுத்து. கோகிலாமணி மட்டும் சிரிக்கவில்லை. நடுவில் எங்கேயும் வண்டியை நிறுத்தவே இல்லையா என்று மரியாதையாகக் கேட்டாள். நிறுத்துகிறவனெல்லாம் ஆபரேட்டரா என்றான் அவன். சரிங்க அண்ணா என்று தலையாட்டிவிட்டு, பாய் போட்டுக் கொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

கேட்பதற்கு ஒரு ஆள் உட்கார்ந்துவிட்டால் போதாதா. ஊதியூர்ப் பக்கம் யாரோ ஒரு கவுண்டருக்குக் கிணறு தோண்டின கதை வந்தது. அன்றைக்குக் கொஞ்சம் கோபத்தில் தோண்டினானாம். அந்த வேகத்துக்குக் குழி முதலில் வந்துவிட்டதாம். மண் இரண்டு நாள் கழித்துத்தான் மேலே வந்ததாம். இன்னும் இறங்கித் தோண்டினதில், பக்கெட்டில் கம்பளி போர்த்திய ஒரு ஆள் நின்றுகொண்டு மேலே வந்தானாம். உலகத்துக்கு அந்தப் பக்கத்துக்காரன். எங்கள் வீட்டுத் தரையை எதற்கடா இடிக்கிறாய் என்று திட்டினானாம். எந்தப் பாஷையில் திட்டினான் என்று கேட்டேன். திட்டுவதற்குப் பாஷை எதற்கு, மூஞ்சியைப் பார்த்தால் தெரியாதா என்றான். மன்னிப்புக் கேட்டு, அந்த ஆளைப் பத்திரமாகத் திருப்பி இறக்கிவிட்டு, குழியை மூடிவிட்டு வந்தானாம். கவுண்டருக்குத் தண்ணீர்? அது அந்தப் பக்கத்துக்காரனுக்குக் கிடைத்துவிட்டது.

அடுத்தது மலை. மஞ்சக்காட்டில் வெயில் விழவில்லை, மலை நிழல் மறைக்கிறது என்று ஒரு விவசாயி அழுதானாம். இவன் முன்பக்கெட்டை அடியில் கொடுத்து மலையை நாலடி தள்ளி வைத்தானாம். மேலே இருந்த குரங்குகள்கூட முழித்துக்கொள்ளவில்லை. மலைக்குப் படிக்கட்டு இருக்குமே, அது என்ன ஆயிற்று என்று பாய் கேட்டார். படியைத் தனியாக எடுத்து ஓரமாக வைத்திருந்தேன், மலையை வைத்த பிறகு திரும்ப மாட்டினேன் என்றான். ஒரு படி மிச்சமாகிவிட்டதாம். அதை இவன் வீட்டு வாசலில் போட்டிருக்கிறானாம். வந்து பார்க்கலாமா என்றேன். அதுவும் சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்று அவன் சொல்லாதவரை சரி என்று நினைத்துக்கொண்டேன்.

இதுவரைக்கும் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் அவன் குரலை இறக்கினான். அம்மிணி கண்ணை மூடிக்கொண்டு பெரிய வண்டியை எடுக்கட்டும், ஆபரேட்டருக்கு அலைய வேண்டாம், நானே வருகிறேன், மற்றவர்கள் எல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் என்றான். பாய் மெல்ல ரசீதுப் புத்தகத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். கோகிலாமணி பெரிய வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இதே டயருக்கு எதிரே உட்கார்ந்து, இதே வாயைக் கேட்டு, தன் வேலைக்கு இரண்டு மடங்கு பெரிய வண்டியை எடுத்தார். டீசல் போட்டு மாளவில்லை. இப்போது அதன்மேல் பூசணிக்கொடி படர்ந்து, காயும் காய்க்கிறது. நம்ம யார்டு, நம்ம பாய், எதற்குப் பகை என்று அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதனால் இந்தத் தடவை சொல்லிவிட்டேன். அந்த வண்டியின் கைக்கு ஆறு மாதத்தில் இரண்டு தடவை புஷ் போட்டவன் நான், அது மினுக்குகிறதே தவிர உள்ளே ஆட்டம் கண்டுவிட்டது என்றேன். பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். நாச்சிமுத்துவோ, வெல்டர்களுக்கு உலகத்தில் ஓட்டை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும் என்று என்னைத் தள்ளிவிட்டு, கடைசிக் கதைக்குத் தாவினான்.

தாராபுரத்தில் ஒரு கல்யாண ஊர்வலம். மாப்பிள்ளைக்கு மீசை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பார்பர் வரவில்லை. ஊர்வலத்துக்கு முன்னால் ஜேசிபி ஓட்டிக்கொண்டு போன நாச்சிமுத்து, வண்டியை நிறுத்தாமல், திரும்பியும் பார்க்காமல், பின்பக்கெட்டின் ஓரப் பல்லால் குதிரைமேல் வந்த மாப்பிள்ளையின் மீசையை ஒதுக்கிவிட்டானாம். ஒரு கீறல் இல்லையாம். பெண் வீட்டார் அந்தப் பக்கெட்டுக்கே பன்னீர் தெளித்தார்களாம்.

கோகிலாமணி ஸ்டூலை விட்டு எழுந்தாள். எட்டு நாள் தோப்பு வரப்பில் உட்கார்ந்து வாடகை வண்டிகள் வேலை செய்வதைப் பார்த்தவள் அவள் என்பது அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"ஏனுங்கண்ணா, வாய்க்கா, கெணறு, மீசைன்னு பின்பக்கெட்டுலயே பண்ணீங்களே, அப்ப எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருந்தீங்க?"

"எந்தப் பக்கமா? ரோட்டைப் பாத்துதான் அம்மிணி. டிரைவருன்னா முன்னாலதான் பாக்கோணும்."

வண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஆள் துணியைக் கீழே வைத்துவிட்டான். பின்பக்கெட்டில் ஒரு பிடி மண் எடுக்க வேண்டுமென்றாலும் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் இரும்புக் காலைத் தரையில் ஊன்றி, சீட்டை அப்படியே பின்னால் திருப்பி உட்கார வேண்டும். பின்கையின் லீவர்கள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. முதல் நாள் வேலைக்கு வருகிறவன் முதல் ஐந்து நிமிஷத்தில் கற்றுக்கொள்கிற விஷயம் அது. நாலு வருஷமாக அந்த டயரில் உட்கார்ந்து உலகத்தையே தோண்டியவன், ஒரு தடவைகூட அந்தச் சீட்டில் உட்கார்ந்ததில்லை. நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவள் அவனைத் திட்டவில்லை. பாய் பக்கம் திரும்பினாள். பெரிய வண்டிக்குப் பல்லு புதுசு, ஈறு பழசு என்றாள். மாடென்றால் கிழட்டு மாடு. சின்னது சேற்றுத் தோப்பில் புதைந்துவிடும், அதை இழுக்க இன்னொரு வண்டி வாடகைக்குப் பிடிக்க வேண்டும். சொறி பிடித்து நிற்கிறதே, அதன் பல் தேய்ந்திருந்தாலும் ஈறு கெட்டி, தள்ளினால் கை ஆடவில்லை, நாலு சக்கரமும் இழுக்கும். ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினால் அதையே எடுத்துக்கொள்கிறேன், புதுப் பல் இந்த அண்ணன் போட்டுக் கொடுக்கட்டும் என்று என்னைக் காட்டினாள். ஆபரேட்டருக்குத் தன் அத்தை மகனையே பேசி வைத்திருப்பதாகவும் சொன்னாள். பாய் சாவியை எடுக்க உள்ளே போனார்.

வேறு ஆளாக இருந்தால் அப்போதே எழுந்து போயிருப்பான். நாச்சிமுத்து கால்மேல் கால் போட்டுக்கொண்டான்.

"நீ சொல்றது சீட்டு திரும்பற மாடலு, அம்மிணி. அதெல்லாம் இப்ப வந்தது. நான் ஓட்டினது கழுத்து திரும்பற மாடலு. சீட்டு அப்படியே இருக்கும், ஆபரேட்டர் கழுத்து முழுசாச் சுத்தி முதுகுப்பக்கம் வந்துரும். அந்த மாடலை ஓட்டறதுக்கு இந்த ஜில்லாவுலயே என் ஒருத்தன் கழுத்துதான் பொருந்துச்சு."

கோகிலாமணி அவனுக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தாள்.

"அப்படீங்களா அண்ணா. கொஞ்சம் திருப்பிப் பாருங்க, உங்க ஒன்றரை மணி பஸ்ஸு போகுது."