முப்பத்து மூன்றாம் பக்கம்

மகுடேஸ்வரிக்கு ஒரு குரு உண்டு. மடத்தில் இருப்பவர் இல்லை. பொள்ளாச்சியில் மருந்துக்கடை மாடியில் வாடகைக்குப் புத்தகம் விடுகிற பிலோமினா. இவளைவிட இரண்டு வயது இளையவள். ஆனாலும் இவளுக்கு அவள் டீச்சர்.

பத்தொன்பது வயதில் மகுடேஸ்வரி கொப்பரைக் களத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. மத்தியானச் சோற்று நேரத்தில் கூட உரிக்கும் பெண் ஒருத்தி சத்தமாகக் கதை படிப்பாள். 'பவளமல்லி பங்களா', ஏழு பாகம்.

தேயிலை பறிக்கிறவளின் மகள் நித்திலா, மலைமேல் பணக்காரப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் இலவசமாகச் சேருகிறாள். எஸ்டேட்காரர் மகன் அவளை விரும்புகிறான். அவளை அந்த பங்களாவுக்குள் சேர்ப்பார்களா, மாட்டார்களா என்பதுதான் ஏழு பாகமும். களமே சோற்றுத் தட்டில் கையை வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து கேட்கும்.

மூன்றாம் பாகம் முடியும்போது படிக்கிறவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. உடுமலைக்குப் போய்விட்டாள். கதை பாதியில் நின்றது. மகுடேஸ்வரி மாடிப்படி ஏறினாள்.

"நாலாம் பாகம் வேணும். படிச்சுக் காட்டோணும். எவ்வளவு கேக்கறீங்க?"

கல்லாவில் பதினேழு வயதுப் பிலோமினா இருந்தாள். "படிச்சுக் காட்டறதில்லைங்க்கா. நீங்க ஒரு பக்கம் படிச்சுக் காட்டுங்க. அடுத்த பக்கத்துக்கு வாடகை வேண்டாம்."

"எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும்."

"கூட்டுங்க."

வாழ்க்கையில் அவள் பேரம் பேசித் தோற்றது அந்த ஒரு தடவைதான். நாலாம் பாகம் முடிய எட்டு மாதம் ஆனது. ஏழாம் பாகத்தை மூன்றே நாளில் முடித்தாள். முடித்த கையோடு, காதால் கேட்ட முதல் மூன்று பாகத்தையும் கண்ணால் படித்தாள்.

அதற்கப்புறம் எழுதின காகிதத்தைக் காட்டி யாரும் அவளை ஏய்க்க முடியவில்லை. இன்றைக்கு மூன்று களம் அவளுடையது. தேங்காயைத் தட்டினால் போதும், சத்தத்திலேயே உள்ளே பருப்பு எப்படி என்று சொல்லிவிடுவாள். அவள் வாய்க்குப் பயந்தே பாதி வியாபாரிகள் ஒழுங்காக நடந்துகொள்வார்கள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவள் படியேறி வந்த சத்தத்தைக் கேட்டதுமே பிலோமினா பேனாவை மூடி வைத்தாள்.

"டீச்சர், நீங்க என்னை ஏமாத்திப் போட்டீங்க."

"உக்காருங்கக்கா."

"உக்கார வரல. அந்த ஏழு பாகத்தையும் எடுங்க. கொளுத்தப் போறேன்."

"டெபாசிட் கட்டீட்டுக் கொளுத்துங்க."

"சிரிக்காதீங்க டீச்சர்! வயிறு எரியுது எனக்கு."

சொல்லி முடிப்பதற்குள் இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தாள். மகள் யாழினியும் மில்காரர் வீட்டுப் பையனும் காலேஜில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருத்தரை ஒருத்தர் பிடித்துப்போய்விட்டது. பையனுடைய அப்பா பேசிப் பார்க்கலாம் வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார். நேற்று மகுடேஸ்வரி மட்டும் போயிருந்தாள்.

"நடு ஹாலுல இருவது பேரு, டீச்சர். பையனோட அத்தைக்காரி கேக்கறா, 'களத்துல இன்னும் நீங்களே உரிக்கறீங்களா, இல்ல ஆள் போட்டிருக்கீங்களா'ன்னு. அத்தன பேரும் சிரிக்கறாங்க. என் மூஞ்சியப் பாக்கல ஒருத்தரும். கையப் பாத்தாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆளும் போட்டிருக்கேன், தேவைன்னா ஆளையும் உரிப்பேன்னேன். சம்பந்தமும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம்னு எந்திரிச்சு வந்துட்டேன்."

"யாழினி?"

"நேத்திலிருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. அழுகவும் மாட்டீங்கறா. அழுதாலாவது ரெண்டு அறை விடலாம்." காலிச் சொம்பைத் தள்ளி வைத்தாள். "பொழுது சாயறதுக்குள்ள முடிவு சொல்லுங்கன்னு பையனோட அப்பா போன் பண்ணினாரு. வேண்டாம்னு சொல்லத்தான் போறேன். அதுக்கு முந்தி உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்க."

"நம்மள மாதிரி ஆளுக அந்த மாதிரி ஊட்டுல சேர முடியுமா, முடியாதா? கதைல முடியும்னு போட்டிருந்துது. நம்பிப் போட்டேன். எம்புள்ளைக்கும் சொல்லிச் சொல்லித்தான் வளத்தேன். அது பொய்யா, நெசமா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

பிலோமினா எழுந்து போய் அலமாரியிலிருந்து முதல் பாகத்தை எடுத்து வந்தாள். மூன்றாவது தடவை பைண்டு செய்த புத்தகம். முப்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தாள்.

வாடகைக்குப் புத்தகம் எடுக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. படித்து முடித்ததும் ஏதாவது ஒரு பக்கத்தின் ஓரத்தில் தனக்கென்று ஒரு குறி போட்டு வைப்பார்கள். பின்னால் எப்போதாவது, இதைப் படித்துவிட்டோமா என்று சந்தேகம் வந்தால் அந்தப் பக்கத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும். இந்தக் கடையில் அது முப்பத்து மூன்றாம் பக்கம். யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பிலோமினாவும் கண்டுகொள்வதில்லை.

பக்கத்தின் நாலு ஓரமும் நிறைந்திருந்தன. புள்ளிகள், நட்சத்திரங்கள், பெயரின் முதல் எழுத்துகள், ஒரு குடை, ஒரு மீன்.

மகுடேஸ்வரி கோபத்தை மறந்து குனிந்தாள். இடது ஓரத்தில், கீழே, ஓர் அரைத் தேங்காய்.

"என்னுது" என்றாள்.

"ஊதாப் பென்சில்ல போட்டது. எங்கப்பாவோட பென்சில். எடுத்துட்டுப் போனீங்க, திருப்பிக் கொடுக்கவே இல்ல."

"அதை வெச்சுத்தான் டீச்சர் மொதல்மொதல்ல லாரிக்காரன் சீட்டுல கையெழுத்துப் போட்டேன்." அவள் விரல் அந்தக் குறியைவிட்டு எழவில்லை. "இந்தப் பக்கம் படிக்கறப்ப நல்ல மழை. கொப்பரை நனையுதுன்னு களமே சாக்கைத் தூக்கீட்டு ஓடுது. நான் எந்திரிக்கல. மேஸ்திரி நார்க் கட்டைத் தூக்கி மேல எறிஞ்சான். அப்பவும் எந்திரிக்கல. நித்திலா அங்க பங்களா கேட்டுக்கு வெளிய நிக்கறா. உட்டுட்டு எப்படி ஓடறது?"

கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் டானிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தட்டிப் பாத்தே தேங்காயைத் தரம் பிரிப்பீங்க இல்ல?" என்றாள் பிலோமினா. "இதைப் பிரிங்க பாக்கலாம். எது பெரிய வீட்டுக் குறி, எது இல்லாதவங்க குறி?"

"இதென்ன பெரிய வித்தை." மகுடேஸ்வரி கண்ணாடியை எடுத்து மாட்டினாள். "இதா, இங்க் பேனா, எழுத்து அச்சாட்டம் இருக்குது. வசதியான ஊடு."

"இட்லிக்கடைக்காரம்மா."

"செரி, உடுங்க. இந்தக் குடை?"

"தாசில்தார் சம்சாரம்."

மகுடேஸ்வரிக்கு ரோஷம் வந்துவிட்டது. பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மேல் ஓரத்தில் பொடிப்பொடியாகப் பூக்கள். ஒரே கை போட்டவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மையில். எண்ணினாள். ஒன்பது.

"புடிச்சுட்டேன். இது இல்லாத ஊட்டுப் புள்ள. என்னை மாதிரி. ஒம்பது தடவை எடுத்திருக்கா பாருங்க. உள்ள போக மாட்டமான்னு ஏங்கி ஏங்கிப் படிச்சிருக்கா. என் களத்தையே பந்தயம் வெக்கறேன்."

"வேண்டாங்க்கா. எனக்குத் தேங்காய் உரிக்கத் தெரியாது."

"ஏன், தப்பா?"

"அந்தப் பூவைப் போடறவங்க ஒரு நாளும் நேர்ல வந்ததில்ல. டிரைவர்தான் வருவாரு. பேப்பர்ல சுத்தி, காய்கறிப் பைக்கு அடியில வெச்சு எடுத்துட்டுப் போவாரு. வீட்டுல ஒருத்தரும் பாக்கக் கூடாதுன்னு உத்தரவு. மொதப் பூவுக்கு வந்த டிரைவர் செத்துட்டாரு. இப்ப அவர் மகன் வர்றாரு."

"யாரு டீச்சர் அது?"

"பேரு சொல்றது இந்தக் கடைல வழக்கமில்ல."

"பங்களாவுக்குள்ளயே இருந்துட்டு பங்களாக் கதைய எதுக்குப் படிக்கோணும்? அதுவும் ஒம்பது தடவை?"

"கடைசிப் பூ போன மாசம்."

மகுடேஸ்வரி கண்ணாடியைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். அந்த ஒன்பதையும் திரும்ப ஒரு தடவை பார்த்தாள்.

பிலோமினா மெதுவாகக் கேட்டாள். "நேத்து நீங்க எந்திரிச்சீங்க. அப்புறம்?"

"அப்புறம் என்ன, வந்துட்டேன்."

"இருவது பேர்ல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலியா?"

மகுடேஸ்வரி ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"பையனோட அம்மா பின்னாலயே வந்தாங்க. அதுவரைக்கும் வாயே தொறக்கல அந்தம்மா, ஓரமா நின்னுட்டிருந்தாங்க. செருப்புக்கூடப் போடாம வாசக் கேட்டு வரைக்கும் வந்தாங்க. என் கையப் புடிச்சுட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"'இன்னொரு நாள் வாங்க. நான் மட்டும் இருக்கற நாளாப் பாத்து வாங்க'ன்னாங்க." அவள் தன் கையைப் பார்த்தாள். "நடிப்புன்னு நெனச்சேன் டீச்சர். உதறிட்டு வண்டி ஏறிட்டேன்."

அவள் கண் தானாகவே மேல் ஓரத்து ஒன்பது பூக்களுக்குப் போனது. பிலோமினா புத்தகத்தை மூடினாள்.

"எந்த நாள்னு கேட்டீங்களாக்கா?"