சென்னியப்பனின் ரோட்டரி என்ஜின்

பழைய கார்களின் ரோட்டரி என்ஜினைக் கழற்றி, அதை விமானத்தில் பொருத்திப் பறக்க வேண்டும் என்று கிறுக்குப் பிடித்தவர்கள் கூடும் கொட்டகை அது. கோவைக்கு வெளியே இருக்கிறது. எங்களுக்கு குரு, கண் டாக்டர் பியூலா. எங்களில் முதலில் பறந்தவர் அவர்தான். சீடர் சென்னியப்பன், கிரைண்டர் கம்பெனிக்காரர். குருவைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர்.

சென்னியப்பனின் என்ஜினில் ஒரு குறையும் கிடையாது. தரையில் ஓட்டிப் பார்ப்பார், அருமையாக ஓடும். உடனே நிறுத்திப் பிரித்துப் போட்டுவிடுவார். உள்ளே பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோண ரோட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

“என்னண்ணா, இது என்ஜினா வெங்காயமா? உரிச்சுட்டே இருக்கறீங்க!” என்றோம்.

“நல்லா ஓடுதே, அதுதானப்பா பயமா இருக்குது.”

சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அவர் பறக்க நாள் குறித்துக் குறித்துத் தள்ளிப்போட்டாயிற்று. வருகிற ஞாயிறும் பறக்காவிட்டால் எல்லாவற்றையும் விற்றுவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை மறுபடி ஸ்பேனரை எடுத்தார்.

“டாக்டரம்மா, மேல போனப்புறம் நின்னுபோச்சுன்னா என்னங்க பண்றது?”

டாக்டர் தன் விமானத்தின் கதவைத் திறந்தார்.

“ஏறுங்கண்ணா.”

மேலே போய், ஓடுபாதைக்கு நேர் மேலே வந்ததும், டாக்டர் சுவிட்சை அணைத்துவிட்டார்.

கீழே நின்ற எங்களுக்குச் சத்தம் நின்றது கேட்டது. உள்ளே சென்னியப்பன், “ஐயோ, போடுங்கம்மா! போடுங்கம்மா!” என்று கத்தினாராம். டாக்டர் போடவே இல்லை. விமானம் வட்டமடித்து, சத்தமில்லாமல் வந்து இறங்கியது.

சென்னியப்பன் இறங்கிப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. டாக்டரை நிமிர்ந்து பார்த்தார்.

“உங்களுக்குப் பயமே இல்லைங்களா?”

“இல்லாமயா? அதனாலதான் ஓடுபாதைய விட்டுக் கண்ணெடுக்கல. நீங்க எதைப் பார்த்துட்டு வந்தீங்க?”

“மூக்குல நின்னுபோன விசிறியத்தானுங்க.”

“அது இறங்க இடம் காட்டுச்சுங்களாண்ணா?”