இடமில்லை என்று சொன்ன கரடி

ஆறு ஒன்று குறுக்கே ஓடும் ஒரு காட்டில், செம்பி என்ற செந்நாய் தன் ஒரே குட்டியோடு வாழ்ந்து வந்தது. குட்டியின் பெயர் துடியன். பெயருக்கு ஏற்றபடி அது ஓரிடத்தில் நிற்காது.

அந்த ஆண்டு மழைக்குப் பிறகு அக்கரையில் புல் செழித்து வளர்ந்தது. மான்கள் எல்லாம் அங்கே போய்விட்டன. செம்பியும் ஆற்றை நீந்திக் கடந்தால்தான் வேட்டை. பெரிய மரக்கிளையையே சுழற்றி இழுத்துப் போகிற வெள்ளத்தில் துடியன் எம்மாத்திரம்? குகையில் தனியே விட்டுப் போகலாம் என்றால், பாறை மேல் மலைப்பாம்பு ஒன்று நடமாடுவதைச் செம்பியே பார்த்திருந்தது.

இக்கரையில் குட்டிகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு காப்பகங்கள் இருந்தன. ஒன்றை நரி நடத்தியது, மற்றொன்றைக் கரடி நடத்தியது. இரை தேடப் போகும் தாய்கள் காலையில் குட்டியை விட்டுவிட்டு மாலையில் அழைத்துப் போவார்கள். திரும்பி வர முடியாத நாட்களில் குட்டி இரவும் அங்கேயே தங்கும். கொண்டுவரும் இரையில் ஒரு பங்குதான் கூலி.

செம்பி துடியனைக் கூட்டிக்கொண்டு முதலில் நரியிடம் போனது.

நரியின் வளை வாசலில் காட்டுமல்லிகைக் கொடி தோரணமாகத் தொங்கியது. நரி ஓடி வந்து வரவேற்றது. துடியனுக்கு ஒரு துண்டு தேனடை கொடுத்தது. குட்டி அழுமா என்று செம்பி கேட்டது. அழவே அழாது என்றது நரி. அடிபடுமா என்று கேட்டது. ஒரு கீறல்கூட விழாது என்றது. உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டபோது மட்டும், குட்டிகள் தூங்குகின்றன, பிறகு பார்க்கலாம் என்று சிரித்தது.

"செம்பியக்கா, நீங்கள் கவலையை என்னிடம் விட்டுவிட்டு வேட்டைக்குப் போங்கள். உங்கள் குட்டி இனி என் குட்டி" என்றது நரி.

செம்பியின் மனம் குளிர்ந்தது. ஆனாலும் இன்னொன்றையும் பார்த்துவிடுவோம் என்று கரடியிடம் போனது.

கரடி வரவேற்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. வேலிப் படலைத் திறந்துவிட்டு, சுற்றிப் பார்த்துக்கொள்ளச் சொன்னது. உள்ளே காட்டுப்பூனைக் குட்டிகளும் கீரிக் குட்டிகளும் உருண்டு புரண்டு விளையாடிக்கொண்டிருந்தன. ஒரு மூலையில் சருகு மெத்தை. இன்னொரு மூலையில் ஊற்று நீர். செம்பி பார்த்து முடித்ததும் கரடி கேள்வி கேட்கத் தொடங்கியது. குட்டி என்ன தின்னும், எதற்குப் பயப்படும், இதற்கு முன் காய்ச்சல் கண்டதா, மற்றக் குட்டிகளைக் கடிக்குமா என்று ஒன்று விடாமல் கேட்டது. செம்பிக்கு எரிச்சல் வந்தது. தன் குட்டியைத் திருடனை விசாரிப்பது போல விசாரிக்கிறதே என்று நினைத்தது.

"முதல் நாள் உன் குட்டி அழும். சாப்பிடாமலும் இருக்கும். விளையாட்டில் கீறல் படும். இதற்குச் சம்மதம் என்றால் அழைத்து வா. முதலில் அரை நாள் விட்டுப் பார்க்கலாம்" என்றது கரடி.

திரும்பும் வழியெல்லாம் துடியன், நரி மாமாவிடமே போகலாம் என்று நச்சரித்தது. தேனடையின் இனிப்பு இன்னும் அதன் நாக்கில் இருந்தது. செம்பிக்கும் அதே ஆசைதான். ஆனால் அது வேட்டையாடிப் பழகிய விலங்கு. புல் அசைவதை வைத்து மட்டும் பாய்ந்துவிடாது. நரி சொன்னது இனிப்பான பேச்சு, கரடி சொன்னது கசப்பான பேச்சு. இரண்டும் பேச்சுதான். குட்டிக்கு ஒரு கேடு வரும்போது அவர்கள் என்ன செய்வார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செம்பிக்கு ஒரு யோசனை தோன்றியது.

மறுநாள் துடியனை, அன்று ஒரு நாள் மட்டும் வேட்டைக்குப் போகாதிருந்த தன் தங்கையின் காவலில் விட்டுவிட்டு, அது தனியாக நரியிடம் போனது.

"நரியாரே, நேற்று ஒன்றை மறைத்துவிட்டேன். என் குட்டிக்குச் சொறி பிடித்திருக்கிறது. வயிற்றுப் பக்கம் என்பதால் உங்கள் கண்ணில் படவில்லை" என்றது.

நரி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"அதனால் என்ன அக்கா? தாராளமாக அழைத்து வாருங்கள். மற்றத் தாய்களிடம் நான் மூச்சு விடமாட்டேன்."

செம்பி தலையாட்டிவிட்டு நேரே கரடியிடம் போய் அதையே சொன்னது. கரடி இரண்டு அடி பின்னால் நகர்ந்தது. வேலிப் படலை இழுத்துச் சாத்தியது.

"இடமில்லை" என்றது.

"நான் வேட்டைக்குப் போயே ஆக வேண்டும், கரடியக்கா. இரையில் இரண்டு பங்கு தருகிறேன்."

"பத்துப் பங்கு கொடுத்தாலும் இடமில்லை. உள்ளே இருப்பதும் ஒருத்தி பெற்ற குட்டிகள்தான். வேப்பிலை அரைத்துப் பூசு. ஆறிப் புதுமயிர் முளைத்த பிறகு அழைத்து வா, இடம் வைத்திருக்கிறேன். இப்போது வேலியைத் தொடாமல் போ."

இப்படி விரட்டப்பட்டவர்கள் கோபப்படுவார்கள். செம்பிக்கோ நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. பிறர் குட்டிகளுக்காகத் துடியனுக்குக் கதவடைத்த கரடி, நாளைக்குத் துடியனுக்காகவும் இதே கதவை அடைக்கும் என்று அதற்குத் தெளிவாகத் தெரிந்தது. உடனே உண்மையைச் சொல்லிவிட்டது. துடியனுக்குச் சொறியும் இல்லை, சிரங்கும் இல்லை, எல்லாம் சோதனைக்காகச் சொன்ன பொய் என்றது.

கரடி மகிழ்ந்துவிடவில்லை. அதன் முகம் இன்னும் இறுகியது.

"சற்று முன் ஒன்று சொன்னாய், இப்போது ஒன்று சொல்கிறாய். எதை நம்புவது? குட்டியைக் கொண்டு வா. வயிற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன்."

மறுநாள் காலை செம்பி துடியனை அழைத்து வந்ததும் கரடி அப்படியே செய்தது. காது மடலையும் கால் இடுக்கையும்கூட விடாமல் பார்த்தது. அதன்பிறகே படல் திறந்தது.

செம்பி திரும்பி நடந்தபோது துடியன் ஓலமிட்டு அழுதது. ஆற்றங்கரை வரை அந்தக் குரல் கேட்டது. செம்பி ஒருமுறை திரும்பிப் பார்த்தது. ஆனால் கரடி முன்பே சொல்லியிருந்ததால், இது அழுகைதான், ஆபத்து இல்லை என்று அது தன்னைத் தேற்றிக்கொண்டு அக்கரையைச் சற்று நோட்டம் பார்த்துவிட்டு வந்தது. உச்சிவெயிலில் திரும்பியதும், செம்பி கேட்பதற்கு முன் கரடியே சொன்னது. குட்டி காலையில் ஒன்றும் தின்னவில்லை, பிறகு கொஞ்சம் தின்றது, காட்டுப்பூனைக் குட்டியின் நகம் பட்டுக் காதில் ஒரு கீறல், மஞ்சள் வைத்தாயிற்று என்றது. செம்பி கீறலை நக்கிக் கொடுத்தது. அதன் மனதில் ஒரு சந்தேகமும் எழவில்லை.

பனிக்காலம் தொடங்கியபோது நரியின் வளையில் சொறி புகுந்தது. யாருடைய குட்டி கொண்டுவந்தது என்று யாருக்கும் தெரியவில்லை, நரி யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லையே. அங்கிருந்த குட்டிகள் எல்லாம் மயிர் உதிர்ந்து, இரவும் பகலும் சொறிந்துகொண்டு கிடந்தன. தாய்கள் வேட்டையை விட்டுவிட்டு வேப்பிலையோடு உட்கார்ந்தார்கள். நரி தோரணத்தை அறுத்துப் போட்டுவிட்டு வேறு காட்டுக்கு ஓடிப்போனது. கரடியின் வேலிக்குள்ளே ஒரு குட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

முந்தைய இரவை அக்கரையில் கழித்துவிட்டு ஒருநாள் மாலை திரும்பிய செம்பி, வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டது. துடியன் பாய்ந்து வந்து அதன் மூக்கை ஒரு முறை நக்கியது. பிறகு திரும்பி உள்ளே ஓடியது.

"இன்னும் கொஞ்ச நேரம், அம்மா" என்று கத்தியது.

செம்பி வேலியோரம் படுத்துக் காத்திருந்தது.

நீதி: எதற்கும் சரி என்பவரை விட, கூடாததைக் கூடாது என்பவரே நம்பத் தகுந்தவர்.