ஃபியட்டுக்குப் புதுக் கார்பெட்

"அம்மணி, எந்தக் கார்பெட் போட்டா என் பொண்டாட்டி கார்ல ஏறுவா?"

திருமூர்த்தி வாத்தியார் வந்ததும் வராததுமாகக் கேட்ட கேள்வி இது.

பொள்ளாச்சியில் பழைய கார்களுக்கு சீட்டும் கார்பெட்டும் மாற்றித் தருகிற ஜமீலா, வெளியே நின்ற அறுபத்துநாலாம் வருஷத்து ஃபியட்டை எட்டிப் பார்த்தாள்.

"ஏன், இப்போ ஏறுறதில்லீங்களா?"

"ரெண்டு வருஷமாச்சு. எங்கே கூப்பிட்டாலும் பஸ்தான். வெள்ளிக்கிழமை திருக்கடையூர்ல எங்களுக்கு அறுபதாம் கல்யாணம். அதுக்கும், 'நீங்க கார்ல வாங்க, நான் பஸ்ல வந்துக்கறேன்'கிறா. மாலை மாத்தப் போற ரெண்டு பேரு தனித்தனியா போய் இறங்கினா ஊர் சிரிக்காதுங்களா?"

"காரணம் கேட்டீங்களா?"

"கேட்டேன். வாயைத் திறந்தாத்தானே! கார்பெட் நாத்தம், வேறென்ன?"

முப்பது வருஷம் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷர். விடையை முதலில் எழுதிவிட்டு வழியை அப்புறம் தேடியிருக்கிறார். இதையே ஒரு மாணவன் செய்திருந்தால் முட்டை போட்டிருப்பார்.

"என் கையாலேயே போடணும். வீட்டுல குணவதிகிட்ட அப்படிச் சொல்லணும். கத்துக்கொடுங்க. இன்னியிலிருந்து நீங்கதான் எனக்கு குரு."

அவரைவிட இருபது வயசு சின்னவள் ஜமீலா. சிரித்துவிட்டாள்.

"சரிங்க வாத்தியாரே. ஆனா குரு சொன்னா கேக்கணும்."

முதல் வேலையிலேயே கேட்கவில்லை. முன் சீட்டைக் கழற்றி வெளியே வைத்த கையோடு, கத்தியை எடுத்துப் பழைய கார்பெட்டைக் கிழிக்கப் போனார்.

"ஐயய்யோ! கத்தியைக் கீழே போடுங்க!"

"குப்பைக்குப் போறதுதானே?"

"அதுதாங்க அளவு! பழசை முழுசா உரிச்சு, புதுசு மேல விரிச்சு, சுத்திக் கோடு போட்டுத்தான் வெட்டணும். கிழிச்சு வீசிட்டு வந்து தலையைச் சொறியறவங்க எத்தனை பேரு தெரியுங்களா?"

அரை நாள் மண்டி போட்டு, பசை விட்டுக்கொடுக்கிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தார். முட்டி கழன்றுவிடும் போலிருந்தது. ஒரே துண்டாக வந்தது. வெயிலில் விரித்தார்கள்.

"இப்போ படிங்க" என்றாள் ஜமீலா.

"இதையா?"

"எங்கே எதனால தேஞ்சிருக்குன்னு பார்க்கணும். அந்த இடத்துலதான் அடியில கனமா வைக்கணும்."

குனிந்தார். வலப்பக்கம் வட்டமாக ஓர் ஓட்டை.

"ஆக்ஸிலேட்டர்கிட்ட. என் குதிகால்."

"சரி. அது?"

இடப்பக்கத்திலும் ஓர் ஓட்டை. பாதம் அகலம் இருந்தது. முடியெல்லாம் போய் அடிச்சாக்கு தெரிந்தது.

வாத்தியார் யோசித்தார். "எலி."

"எலி கடிச்சா ஓரம் பிசிறா இருக்கும். இது தேஞ்சிருக்கு."

"அந்தப் பக்கம் மிதிக்க ஒண்ணுமே இல்லையே, அம்மணி."

ஜமீலா வெளியே கிடந்த முன் சீட்டைக் காட்டினாள்.

"சீட்டைத் திரும்ப மாட்டுங்க. ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

மாட்டினார். பழக்கத்தில் வலப்பக்கக் கதவைத் திறந்தார்.

"நீங்க அந்தப் பக்கம்" என்று சாவியை வாங்கிக்கொண்டாள்.

முப்பத்தொரு வருஷமாகச் சொந்தக் கார். இடப்பக்கம் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"பாத்து, மெதுவா..."

"காலையில எங்க முக்குல நீங்க திரும்பினதைப் பார்த்தேன். அதே மாதிரிதான் போவேன்."

உடுமலை ரோட்டில் தேங்காய் லாரி ஒன்று முன்னால் போனது. ஜமீலா சடாரென்று வலப்பக்கம் ஏறினாள். எதிரே பஸ். ஹாரனை அமுக்கியபடியே இரண்டுக்கும் நடுவே புகுந்து வெளியே வந்தாள்.

டங்.

"என்ன சத்தம் அது?"

அவள் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து ஒரு டெம்போ.

டங்.

ஒரு வளைவு. வேகம் குறையவில்லை.

டங். டங்.

வாத்தியார் குனிந்து பார்த்தார். அவருடைய வலது கால், பிரேக்கை மிதிக்கிற மாதிரி, வெறும் தகரத்தை அழுத்திக்கொண்டு நின்றது. எடுக்கப் பார்த்தார். வரவில்லை.

"நிறுத்துங்க, நிறுத்துங்க அம்மணி."

ஓரமாக ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினாள்.

அவர் இறங்கவில்லை. கல்யாணத்தன்று சாயங்காலமே குணவதியை இந்த சீட்டில் உட்கார வைத்து, பழனியிலிருந்து பறந்து வந்ததை ஊரெல்லாம் பெருமையடித்திருந்தார். ஊட்டி மலையில் வளைவுக்கு வளைவு லாரிகளை முந்தியதும் ஞாபகம் வந்தது. மகன் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது அவளைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் இதே காரில்தான், அதே வேகத்தில்தான். ஒரு தடவைகூடத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்ததில்லை. அறுபது வயது மனுஷர், துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இனிமே ஏறுவாளா, அம்மணி?"

"அதை அவங்கதாங்க சொல்லணும்."

"இருபத்தொம்பது வருஷம் இப்படி மிதிச்சிருக்கா. பக்கத்துலதான் இருந்தேன். எனக்கு ஒரு தடவைகூடக் கேக்கலையே!"

"கார்பெட் போட்டிருந்ததே, வாத்தியாரே."