நாற்பத்துமூணாம் வருஷத்துச் சிப்பாய்கள்

கோணக்காட்டு ஆட்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அதனாலேயே அவர்களுக்கு யாரும் வேலை கொடுப்பதில்லை.

அந்த ஊர் மாசானத்தை அந்த வருஷம் மட்டும் ஏழு இடத்தில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். எட்டாவது இடத்திலும் விரட்டிவிட்டால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கே போய்விடுவேன் என்று அவன் பெண்டாட்டி பிரம்மசக்தி சொல்லிவிட்டாள்.

எட்டாவது இடம் ஒரு சண்டைக் குழு. உலகப் போர்க் காலத்துச் சிப்பாய் மாதிரி காக்கி உடுப்புப் போட்டு, மைதானத்தில் ஜனங்களுக்குச் சண்டை நடத்திக் காட்டுவார்கள். நாள் சம்பளம் உண்டு. ரிட்டயர்டு ஹவில்தார் ஞானதுரைதான் தலைவர். மாசானம் துணைக்குத் தன் கூட்டாளிகள் சங்கிலியையும் ஆவுடையப்பனையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தான்.

ஞானதுரை கண்டிப்பாகச் சொன்னார். "இது 1943. அதுக்குப் பிறகு வந்த எதுவும் உங்களுக்குத் தெரியக் கூடாது. சண்டை முடிஞ்சுதுன்னு நான் என் வாயால சொல்றவரைக்கும் 1943தான்."

அப்போது சங்கிலியின் பையில் செல்போன் அடித்தது. ஏதோ பூச்சி என்று மூன்று பேரும் சேர்ந்து அதைக் கீழே போட்டு மிதித்தார்கள்.

சண்டை நாளன்று பிரம்மசக்தி, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தூக்குச் சட்டியில் புளிச்சோறு கொண்டுவந்தாள். மாசானம் மரியாதையாக எழுந்து நின்று, "யாரும்மா நீங்க?" என்றான்.

பெண்டாட்டி என்றாள். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லையே என்றான். அப்படியென்றால் நீங்க இன்னும் பிறக்கவே இல்லை என்று சொல்லிவிட்டு, அவள் சோற்றோடு திரும்பிப் போய்விட்டாள்.

"அந்தம்மா சொல்றது நியாயம்தான்டே. நான் பிறந்தது எண்பத்தெட்டுலலா" என்றான் ஆவுடையப்பன்.

"அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று சங்கிலி கேட்டான். ஆவுடையப்பன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"பிறக்காதவன் சண்டை போடலாமா?" என்று மாசானம் கேட்டான்.

"போடலாம். சாகத்தான் முடியாது" என்றான் சங்கிலி.

முதல் வெடியிலேயே மூன்று பேரும் செத்து விழ வேண்டும் என்று ஏற்பாடு. எதிர்ப் படையின் வெடியெல்லாம் தீர்ந்துபோனது. மூன்று பேரும் நின்றது நின்றபடி நின்றார்கள். ஞானதுரை விழச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"முதல்ல பிறந்துக்கிடுதோம் ஐயா. பிறகு வந்து விழுதோம்" என்றான் மாசானம், பணிவாக.

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஞானதுரை தொப்பியைத் தூக்கி எறிந்தார். இனி இந்தப் பக்கமே வராதீங்க என்று கத்திவிட்டு பைக்கில் ஏறிப் போய்விட்டார். சண்டை முடிந்தது என்று மட்டும் சொல்லவில்லை.

மாசானம் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதான்.

"ஏன்டே அழுத? நாற்பத்துமூணுல உனக்குப் பொண்டாட்டியே கிடையாது. இல்லாதவ எப்படிப் போவா?" என்று சங்கிலி தேற்றினான். "போயி முறையாப் பொண்ணு கேளு."

"பிறக்காதவன் கேக்கலாமா?"

"இப்பவே சொல்லி வச்சா, பிறந்ததும் தேடி அலைய வேண்டாம்லா."

வெற்றிலை பாக்கு பழத்தட்டோடு, காக்கி உடுப்பிலேயே மூன்று பேரும் மாமனார் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். பிரம்மசக்திக்குப் பாதிக் கோபம் ஆறியிருந்தது. கூப்பிட்டால் கூடவே போய்விடலாம் என்றுதான், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மாசானம் பிள்ளையைப் பார்த்தான். முகம் செத்துப்போனது. தட்டோடு தெருவுக்கு இறங்கிவிட்டான்.

"வேற எவனோ முந்திக்கிட்டான்டே" என்றான் கூட்டாளிகளிடம்.

ஆவுடையப்பன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தான். "பிள்ளை அச்சு அசல் உன்னை மாதிரியே இருக்குடே."

"அதான் மனசு ஆறல" என்றான் மாசானம். "என்னை மாதிரியே ஒருத்தனுக்குத்தான் குடுக்கணும்னா, என்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா."