வெடுக்கி திறக்காத கதவு

தாழங்குளத்துக் காட்டில் வெள்ளிக்கிழமை விடிந்தால் புது கேம்கள் வெளியாகும். நண்பகலுக்குள் வெடுக்கி என்ற கீரி அவற்றுக்கு மார்க் போட்டுவிடுவாள். அவள் மார்க் போடும் வரை ஒரு முயல்கூட எந்த கேமையும் தொடாது.

காட்டில் செல்போன் ஏது என்று யாரும் கேட்க வேண்டாம். கீரி பேசுகிறது என்றால் தலையாட்டுகிறவர்கள், அது போன் வைத்திருக்கிறது என்றாலும் தலையாட்டத்தான் வேண்டும்.

வெடுக்கி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. காடு வைத்த பெயர். நாலே வரி எழுதுவாள். நாலும் சுருக்கென்று இருக்கும். ஒருமுறை, "இந்த கேமில் வரும் புலி ஓடுவதைப் பார்த்தால் அதற்கு மூன்று நாளாக வயிற்றுவலி என்று தெரிகிறது" என்று எழுதினாள். அதன்பிறகு அந்த கேமை ஆடியவர் ஒருவரும் இல்லை. அந்த வரியைச் சொல்லிச் சிரிக்காதவரும் ஒருவரும் இல்லை. அவள் அநியாயமாக எழுதினாள் என்றும் சொல்ல முடியாது. பத்தில் ஒன்பது முறை அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவள் தலைக்கு ஏறிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை ஐந்து கேம்கள் வந்தன. நாலை முடித்துவிட்டு ஐந்தாவதைத் திறந்தாள் வெடுக்கி. பெயர் 'வேரடி வீடு'. செய்தது செதிலப்பன் என்ற எறும்புத்தின்னி. மூன்று மழைக்காலம் வளைக்குள்ளேயே அடைந்து கிடந்து செய்தது.

முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஏதோ இருந்தது. வெடுக்கி படிக்கவில்லை. முதல் பக்கம் படிப்பதெல்லாம் புதிதாக ஆட வருகிறவர்களுக்கு. ஆயிரம் கேம் பார்த்தவளுக்கு எதற்கு? தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

மண்ணுக்கடியில் ஒரு சுரங்கம். அதில் ஒரு சிவப்பு எறும்பு. சுரங்கத்தின் முடிவில் ஒரு கதவு. எறும்பை விட்டுத் தள்ளினாள். கதவு ஒரு நூல் நகர்ந்து திரும்பவும் மூடிக்கொண்டது. தலையால் முட்டினாள். பின்வாங்கி ஓடிவந்து மோதினாள். கதவு நகரும், மூடும். அவ்வளவுதான்.

மரத்தின் மேலிருந்து கிளி மரகதம் கழுத்தை நீட்டினாள்.

"என்னக்கா, இன்னும் எழுதலையா? மணி பதினொண்ணே முக்கால் ஆச்சு. நான் வேணும்னா முதல்ல போட்டுடட்டுமா?"

மரகதமும் மார்க் போடுவாள். கேம் ஆட மாட்டாள். வெடுக்கி எழுதியதை நாலு வார்த்தை மாற்றித் தன் பெயரில் போட்டுக்கொள்வாள். இத்தனை நாளில் ஒரு தடவையாவது வெடுக்கியை முந்திவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

"நீ போட்டுடுவியா? ஆடாமலேயா?"

"நீங்க மட்டும் எல்லாத்தையும் முழுசா ஆடறீங்களாக்கும்."

வெடுக்கிக்குச் சுள்ளென்றது. அந்தக் கோபத்தோடே எழுதினாள். "எறும்பைத் தின்று வளர்ந்தவர் எறும்பை வைத்து கேம் செய்திருக்கிறார். கதவைச் செய்தவர் அதைத் திறக்கும் வழியைச் செய்ய மறந்துவிட்டார். பத்துக்கு இரண்டு. அந்த இரண்டும் படம் அழகாக இருப்பதற்காக."

காடு விழுந்து விழுந்து சிரித்தது. மரகதம் அந்த வரியைக் கிளைக்குக் கிளை கொண்டுபோனாள். சாயங்காலத்துக்குள் 'வேரடி வீடு' என்ற பெயரே மறைந்து, 'கதவு கேம்' என்றால்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

தாழங்குளத்தில் ஒரு விதி உண்டு. எல்லோர் போனிலும் தெரிகிற காட்டுப் பலகையில்தான் புது கேம்கள் வரிசையாக இருக்கும். ஒரு வாரத்துக்குள் ஒருவராவது கடைசி வரை ஆடி முடிக்காத கேம், அடுத்த வெள்ளிக்கிழமை நண்பகலில் பலகையிலிருந்து உதிர்ந்துவிடும். உதிர்ந்தது உதிர்ந்ததுதான், திரும்ப ஏறாது. செய்தவரே ஆடி முடித்தால் அது செல்லாது.

ஞாயிற்றுக்கிழமை செதிலப்பன் வெடுக்கியின் புதருக்கு வந்தான். கால் வைக்கவே கூச்சப்படுகிற ஆள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? தனியாவா ஆடினீங்க?"

"பின்னே? ஊரைக் கூட்டி வச்சா ஆடுவாங்க? பத்து வருஷமா தனியாத்தான் ஆடறேன்."

"இல்லக்கா, முதல் பக்கத்துல எழுதியிருந்தேன்..."

"முதல் பக்கம் படிக்க எனக்கு நேரம் கிடையாது. கேம் நல்லா இருந்தா அதுவே சொல்லணும். நீங்க வந்து நின்னு விளக்கம் சொல்லக் கூடாது. மார்க்கு குறைஞ்சவங்க எல்லாரும் இப்படித்தான் வாசல்ல வந்து நிக்கறாங்க."

குரல் உயர்ந்தால் எறும்புத்தின்னி என்ன செய்யும்? சுருண்டுகொள்ளும். செதிலப்பனும் சுருண்டுகொண்டான். சுருண்ட எறும்புத்தின்னியோடு யாரும் வாதாட முடியாது. வெடுக்கி சற்று நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். ஒரு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தபோது அவன் உருண்டே போயிருந்தான், மண்ணில் தடம் மட்டும் இருந்தது.

வியாழக்கிழமை மாலை வெடுக்கி தண்ணீர் குடிக்கக் குளத்துக்குப் போனாள். கரைச் சேற்றில் காத்தாயி என்ற எருமை படுத்திருந்தாள். அவள் முதுகில் உண்ணிக்கொக்கு நெட்டையன் நின்றிருந்தான். இருவர் எதிரிலும் ஆளுக்கொரு போன். காத்தாயி மூக்கால் அழுத்தினாள். நெட்டையன் அலகால் கொத்தினான்.

"தள்ளுடா. நான் தள்ளிக்கிட்டே இருக்கேன், நீ எங்க வாயைப் பார்க்கறே?"

"தள்ளத்தான் செய்யறேன். உன் மூக்கு பாதி போனை மறைக்குது."

"என் போனை என் மூக்கு மறைச்சா உனக்கென்ன?"

வெடுக்கி எட்டிப் பார்த்தாள். அதே சுரங்கங்கள். ஒரு போனில் சிவப்பு எறும்பு, மற்றதில் கறுப்பு எறும்பு. ஒரே கதவின் இரு ஓரத்திலும் நின்று இரண்டும் சேர்ந்து தள்ளின. கதவு திறந்தது.

உள்ளே வேர்கள். அண்ணாந்து பார்க்கிற உயரத்துக்கு வேர்கள். வேருக்கு வேர் விளக்கு. விளக்குக்கு அடியில் ஆயிரம் எறும்புகள் வீடு கட்டிக்கொண்டிருந்தன. வெடுக்கி குடிக்க வந்த தண்ணீரை மறந்துவிட்டாள்.

"இது... இது எத்தனாவது கதவு?"

"ஏழாவது," என்றாள் காத்தாயி. "இது ரெண்டு பேர் ஆடற கேமும்மா. முதல் பக்கத்துலயே போட்டிருக்கே, 'துணையோடு ஆடவும்'னு. நான் கண்ணு மங்கினவ, எனக்கே தெரிஞ்சுது."

"நான் எழுதினதை நீங்க படிக்கலையா?"

"படிக்காம? வயிறு வலிக்கச் சிரிச்சேன். சிரிச்சுட்டு, அப்படி என்னதான் திறக்காத கதவுன்னு பார்க்கலாம்னு இவனைக் கூட்டிக்கிட்டேன்."

"எட்டாவது சுரங்கத்தைத் தாண்ட முடியலை," என்றான் நெட்டையன்.

"எப்படித் தாண்ட முடியும்? ஒரு வெட்டுக்கிளி குதிச்சாப் போதும், ஆட்டத்தை விட்டுட்டு அது பின்னாடி ஓடிடறான். பதினெட்டு தடவை செத்தோம். எல்லாம் இவனாலதான்." காத்தாயி பெருமூச்சு விட்டாள். "நாளைக்கு மத்தியானம் பலகையிலிருந்து உதிர்ந்துடும். பாவம் அந்தப் பிள்ளை."

வெடுக்கி தண்ணீர் குடிக்காமலேயே திரும்பி நடந்தாள்.

வழியில் மரகதம் பறந்து வந்தாள். குளக்கரையில் நடந்தது முழுவதும் அவள் காதில் விழுந்திருந்தது. எதுதான் விழாது?

"எதுக்கக்கா முகத்தைத் தொங்கப் போட்டுக்கறீங்க? நாளைக்கு மத்தியானம் கேமே இருக்காது. கேம் இல்லைன்னா உங்க தப்பு எங்க இருக்கும்? அந்த எருமை ஊர் ஊராப் போய்ச் சொல்லவா போகுது? பேசாம இருங்க."

வெடுக்கி யோசித்தாள். கிளி சொன்னது உண்மை. ஒரே ஒரு பகல் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவள் பெயருக்கு ஒரு கீறல் விழாது. அந்தப் பெயரைத் தவிர அவளிடம் வேறு என்ன இருந்தது? அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று காடு நம்பியது. அவ்வளவுதான் அவள் சொத்து.

ஆனால் சொன்னது சரியில்லையே. சரியில்லாததைச் சரி என்று காடு நம்பினால், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஊறுகாய் போடவா?

மறுநாள் விடிந்தது. புதிதாக ஆறு கேம்கள் வந்தன. ஆறுக்கும் நண்பகலுக்குள் மார்க் போட வேண்டும். வெடுக்கி ஆறையும் திறக்கவில்லை. நேராகக் குளத்துக்குப் போனாள்.

"காத்தாயி அக்கா, என்னோட ஆடறீங்களா?"

காத்தாயி அசை போடுவதை நிறுத்தினாள். "நீயா? உன்னோடயா? தப்பு பண்ணினா எனக்கும் மார்க் போடுவியா?"

"போட மாட்டேன்."

"திட்டுவியா?"

"திட்டாம இருக்கப் பார்க்கறேன்."

"அது போதும். நெட்டையா, எழுந்திரு. நீ வேடிக்கை பார்த்தாப் போதும்."

முதல் சுரங்கத்திலிருந்து ஆரம்பித்து ஏழு கதவையும் திறந்தார்கள். எட்டாவது சுரங்கத்தை வெடுக்கி ஒரே மூச்சில் கடக்க வைத்தாள். ஒன்பதும் பத்தும் போயின. பதினொன்றாவதில் காத்தாயி பள்ளத்தில் விழுந்தாள். வெடுக்கி வாயைத் திறந்தாள். "மார்க் போடற வாயை மூடு," என்றான் முதுகிலிருந்த நெட்டையன். வெடுக்கி மூடிக்கொண்டாள்.

கடைசிச் சுரங்கம் முழு இருட்டு. கறுப்பு எறும்பு இருட்டில் தனியாக நடக்க வேண்டும். சிவப்பு எறும்பு உயரத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். சிவப்பு ஓரடி வைத்தாலும் விளக்கு அணைந்துவிடும். சிவப்பு எறும்பு வெடுக்கியுடையது. காத்தாயியோ எறும்பை நடத்தினாலும் எருமை நடைதான் நடத்துவாள்.

"இடது பக்கம் போங்கக்கா."

"எது இடது?"

"நெட்டையன் நிக்கற பக்கம்."

"அவன் நகர்ந்துக்கிட்டே இருக்கானே."

மணி பதினொன்றரை. மரத்தில் மரகதம் கூவினாள். "அக்கா, ஆறு கேமுக்கும் நான் மார்க் போட்டாச்சு! முதல் ஆளு நான்தான்!"

போன்மேல் இருந்த வெடுக்கியின் கால் துடித்தது. ஆனால் எடுக்கவில்லை. காது வரை எரிந்தது. அப்படியே நின்றாள். அவசரமே குணமாகப் பிறந்தவள் அன்று ஒரு எருமைக்காக இருபது நிமிடம் காத்திருந்தாள்.

காத்தாயி மெல்ல மெல்லப் போய்ச் சேர்ந்தாள். கடைசிக் கதவு திறந்தது. திரை முழுக்க மழை பெய்தது. மழைக்கு ஒதுங்கிய ஆயிரம் எறும்புகளும் புது வீட்டுக்குள் வரிசையாகப் போயின. காட்டுப் பலகையில் 'வேரடி வீடு' பெயருக்குப் பக்கத்தில் 'ஆடி முடித்தவர்கள்: வெடுக்கி, காத்தாயி' என்று ஏறியது. நண்பகலுக்கு இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது.

அந்த ஒன்பது நிமிடத்தில் வெடுக்கி தன் பழைய விமர்சனத்தை அழிக்கவில்லை. அதை அப்படியே வைத்து, மேலே புதிதாக எழுதினாள்.

"கீழே இருப்பது தவறு. இரண்டு பேர் ஆட வேண்டியதை ஒருத்தியாக ஆடினேன். முதல் பக்கத்தைப் படிக்கவில்லை. முதல் கதவுக்கு மேல் போகாமலேயே கேம் முழுவதற்கும் மார்க் போட்டேன். இன்று முழுவதும் ஆடினேன். ஆறாவது சுரங்கம் நீளம் அதிகம். துணை வேண்டும் என்பதை முதல் பக்கத்தில் எழுதினால் போதாது, என்னைப் போன்றவர்களுக்காகக் கதவிலேயே எழுத வேண்டும். ஏழாவது கதவுக்கு அப்பால் இருப்பதைப் போல ஒன்றை இதுவரை எந்த கேமிலும் நான் பார்த்ததில்லை. பத்துக்கு எட்டு."

போனை நீட்டிக்கொண்டு செதிலப்பனின் வளைக்குப் போனாள். உள்ளே அவன் பந்தாகக் கிடந்தான்.

"செதிலப்பா, படிச்சுக் காட்டறேன். கேக்கறியா?"

படித்தாள். 'கீழே இருப்பது தவறு' என்று வந்தபோது ஒரு காது தெரிந்தது. 'ஏழாவது கதவு' என்று வந்தபோது மூக்கு தெரிந்தது. படித்து முடித்ததும் முழுத் தலையும் வெளியே வந்தது.

"ஆறாவது சுரங்கம் நீளமெல்லாம் இல்லக்கா."

"நீளம்தான்."

"இல்லக்கா. அங்கதான் ரெண்டு எறும்பும் பேசிக்கும். பேச இடம் வேணாமா?"

"பேசட்டும். கொஞ்சம் சுருக்கமாப் பேசட்டும்."

சாயங்காலம் வரை இருவரும் இதே சண்டை. சுருளாமல் சண்டை போடும் எறும்புத்தின்னியை அன்றுதான் காடு பார்த்தது. கடைசியில் சுரங்கத்தில் கால்வாசியைக் குறைக்க அவன் ஒப்புக்கொண்டான். முதல் கதவின் மேல் இரண்டு எறும்புகளின் படத்தையும் வரைந்தான்.

அடுத்த வாரம் குளக்கரை முழுக்க ஜோடி ஜோடியாக விலங்குகள். மானும் காட்டுப்பன்றியும் ஒரு ஜோடி. ஒன்றையொன்று பிடிக்காத இரண்டு முள்ளம்பன்றிகள் ஒரு ஜோடி. வெடுக்கியின் பெயர் கெட்டதா? முதல் இரண்டு நாள் கேலி செய்தார்கள். மூன்றாம் நாள் ஒரு நரி வந்து, "புதுசா ஒரு கேம் செஞ்சிருக்கேன், நீங்கதான் ஆடிப் பார்த்துச் சொல்லணும், எத்தனை நாள் ஆனாலும் சரி," என்றது. மரகதம் மட்டும் போன வாரம்போலவே வெள்ளிக்கிழமை காலையிலேயே மார்க் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். அதைப் படித்த அணில், "நீ இதை முழுசா ஆடினியா?" என்று கேட்டது. மரகதம் அன்றைக்கு முதன்முதலாக ஒரு கேமைத் திறந்து முதல் பக்கத்தைப் படிக்க உட்கார்ந்தாள்.

முழுதும் பார்க்காமல் சொன்ன தீர்ப்பு எத்தனை அழகாக இருந்தாலும் தவறுதான். அந்தத் தவறைத் தன் வாயாலேயே சொல்லித் திருத்திக்கொள்கிறவரின் பேச்சைத்தான் பிறகு எல்லோரும் நம்புவார்கள்.