அடுப்பின் காற்றுக் கதவு

மலைமேல் இருந்த அந்த மடத்தில், குளிர்காலம் வந்தால் எல்லாருடைய பக்தியும் கூடத்து இரும்பு அடுப்பைச் சுற்றித்தான் இருக்கும். அடுப்பின் அடியில் ஒரு சிறிய கதவு. திறந்தால் காற்று புகுந்து விறகு மஞ்சளாக எரியும். மூடினால் தழல் அடங்கிக் கங்கு மட்டும் கிடக்கும்.

அந்த ஆண்டு அடுப்பு குழந்தைவேலுவின் பொறுப்பு. பெயரில்தான் குழந்தை, வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மடத்துக் குரு விசாலாட்சியம்மை அவரைவிட இளையவர்.

"காஞ்ச விறகாக் கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்க," என்று அம்மை முதல் நாளே சொல்லியிருந்தார். "கதவைத் திறந்து நல்லா எரிய விடுங்க. புகைய விடாதீங்க."

குழந்தைவேலு தலையாட்டினார். அம்மை உறங்கப் போனதும் பெரிய கட்டைகளாகத் திணித்துக் கதவை இறுக மூடினார். விடியும்வரை கங்கு இருந்தது, விறகும் மிச்சமாயிற்று. எல்லாரும் மெச்சினார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. நெருப்பையே அடக்கத் தெரிந்தவன் என்று தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டார்.

அப்படி நினைக்க அவருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அப்பா செத்தபோது அவர் வெளியூரில் இருந்தார். மண் சரிந்து பாதை அடைபட்டு, அடித்துப் பிடித்து வந்து சேர்வதற்குள் தம்பி சென்னியப்பன் கொள்ளி வைத்துவிட்டான். மூத்தவன் வைக்க வேண்டிய கொள்ளி. பொழுது சாய்கிறது என்று ஊரார் அவசரப்படுத்தினார்களாம். எரிகிற சிதையைப் பார்த்தபடி, "பரவால்லப்பா, உடு," என்றார் குழந்தைவேலு. அதன்பிறகு தம்பியை ஒரு சொல் கடிந்ததில்லை. தம்பி வீட்டில் கை நனைத்ததும் இல்லை.

மார்கழியில் ஒருநாள் காலையில் சென்னியப்பன் மடத்துக்கு வந்தான். ஆள் பாதியாகியிருந்தான்.

"தை தாண்டாதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாருண்ணா."

குழந்தைவேலு அடுப்பருகே பாய் விரித்தார். சூடாகக் கஞ்சி கொடுத்தார்.

"அன்னிக்கு நான் பண்ணுனது தப்புண்ணா. என்னைய நாலு வார்த்தை வஞ்சு போடு. அடிக்கோணும்னாலும் அடி."

"எனக்கு உன்மேல கோவமே இல்லப்பா. கஞ்சி ஆறுது, குடி."

சென்னியப்பன் அண்ணன் முகத்தையே பார்த்தான்.

"ஒருக்கா ஊட்டுக்கு வாண்ணா."

"பாக்கலாம்."

கஞ்சியைத் தொடாமலே எழுந்தான். அடிவாரத்தில் சாயங்கால பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன் என்று அழுதுகொண்டே மலையிறங்கினான்.

கூடத்து மூலையில் அம்மை உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். குழந்தைவேலு அவரிடம் போனார். மனசு என்னவோ செய்தது.

"கோவத்தை ஜெயிச்சுப்போட்டேனுங்கம்மா. அப்புறம் எதுக்கு அவன் அழுதுட்டுப் போறான்?"

அம்மை அடுப்பை அணைக்கச் சொன்னார். சூடு ஆறியதும், அடுப்பிலிருந்து கூரைக்குப் போகும் புகைக்குழாயின் இணைப்பைத் தாமே கழற்றினார்.

"உள்ளே கை விடுங்க."

தோள்வரை போக வேண்டிய கை மணிக்கட்டிலேயே சிக்கியது. பிடுங்கி எடுத்தபோது விரலெல்லாம் கறுப்புத் தார்.

"நீங்க எரிய விடாத புகை," என்றார் அம்மை.

குழந்தைவேலுவுக்கு அவமானமாக இருந்தது. "இனிமே கதவைத் திறந்தே வெக்கறேனுங்க."

"இப்பத் திறந்து எரிச்சா தழல் மேல ஏறி இந்தத் தார் பத்திக்கும். கூரை மிஞ்சாது."

குழந்தைவேலு வாசலைப் பார்த்தார்.

"பஸ்ஸு இன்னும் வந்திருக்காதுங்கம்மா. ஓடிப் போயி அவனை நாலு வார்த்தை வஞ்சு போட்டு, கட்டிப் புடிச்சுக்கறனே."

"என்ன சொல்லி வைவீங்க? இங்கேயே ஒரு தடவை சொல்லிப் பாருங்க."

குழந்தைவேலு வாயைத் திறந்தார். "எங்கப்பனைக்கூட எனக்கு உடாதவன்டா நீ. போய்ச் சாவு. உன் பொணத்து மொகத்துலகூட நான் முழிக்க மாட்டேன்."

அது தன் குரல்தானா என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. தார் அப்பிய கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தார் அடைத்த குழாயைப் பார்த்தார்.

"இதை எப்படிங்கம்மா எடுக்கறது?"

"சுரண்டித்தான். அடுப்பைப் பத்த வைக்காம, குளிரைப் பொறுத்துக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா."

"நாளாகுமுங்களா?"

"ஆகும்."

"அதுவரைக்கும் தம்பி இருப்பானுங்களா?"

"அவர் இருக்க மாட்டார்," என்றார் அம்மை. "நீங்க இருப்பீங்க."